முகவர் யாருடைய ஆள்?

"கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார்" என்று ஊரில் சொல்வார்கள். இந்த நாட்டில் எம்மவர் வீடு கட்டுவதில்லை; கட்டிய வீட்டை வாங்குகிறோம். சிரமம் மட்டும் குறைந்தபாடில்லை. அடுக்குமாடி வாடகை வீட்டில் சில வருடங்கள், இரவும் பகலுமாக இரண்டு வேலை, சீட்டுப் பணம், அக்கா அத்தான் தந்த கைமாற்று என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பிறகு, "இனி ஒரு வீடு பார்ப்பம்" என்று குடும்பம் தீர்மானிக்கிறது. அடுத்த நாளே எழுகின்ற கேள்வி, "யாரைப் பிடிக்கிறது?" என்பதுதான்.

எம்மிடமும் அதையே கேட்கிறார்கள். "நல்ல ஏஜன்ற் ஒருத்தரின்ர பெயரைச் சொல்லுங்கோ." பெயர் சொல்வது இந்தப் பக்கத்தின் வேலை அன்று. இந்த இதழிலும் வீடு விற்பனை முகவர்களின் விளம்பரங்கள் வருகின்றன. அந்தப் பணம் இதழை நடத்த உதவுகிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விளம்பரம் என்பது நாம் வழங்கும் நற்சான்றிதழ் ஆகாது. ஆகவே பெயருக்குப் பதிலாகச் சில கேள்விகளைத் தருகிறோம். அவை எல்லாம் ஒரே கேள்வியின் கிளைகள்தான்: இந்த முகவர் யாருடைய ஆள்? எங்கள் ஆளா, விற்பவரின் ஆளா, அல்லது தன் கூலியின் ஆளா?

கீழே வரும் சட்ட விபரங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. மொன்றியாலிலோ வன்கூவரிலோ வாழும் வாசகர்கள் கேள்விகளை எடுத்துக்கொண்டு, விதிகளைத் தங்கள் மாகாணத்தில் விசாரித்து அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.

ஊர்த் தரகரும் இங்குள்ள முகவரும்

ஊரில் ஒரு காணி கைமாறுவதை நினைத்துப் பாருங்கள். தரகர் ஒருவர் இருப்பார். ஆனால் தரகர் சொல்வதை மட்டும் நம்பி யாரும் வாங்குவதில்லை. எல்லை வேலி யாருடையது, கிணற்றில் எத்தனை பங்கு, உறுதியில் வில்லங்கம் உண்டா, மாரியில் வெள்ளம் நிற்குமா என்பதெல்லாம் அயலுக்கே தெரியும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைப்படி பங்குக்காணியை வெளியாருக்கு விற்க நினைப்பவர் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். எனவே விற்பனை ஒன்று ஊர் அறியாமல் நடப்பது அரிது. பொய் சொன்ன தரகர் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும்.

இங்கே அந்த அயல் இல்லை. விற்பவர் யார் என்று தெரியாது. அத்திவாரத்தில் தண்ணீர் கசிந்ததா என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டு அப்பு இல்லை. ஊர் செய்த வேலையை இங்கே சட்டமும் கடதாசியும் செய்கின்றன. முகவர் எங்கள் ஊரவராக இருக்கலாம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவராக இருக்கலாம், சங்கத்து ஒன்றுகூடலில் முன்வரிசையில் இருப்பவராகவும் இருக்கலாம். அவை மரியாதைக்குரிய விடயங்கள். ஆனால் அவை எதுவும் அவரை எங்கள் ஆளாக ஆக்கிவிடுவதில்லை. எங்கள் ஆளாக்குவது நாங்கள் வாசித்து விளங்கிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றுதான்.

தமிழ் முகவர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலக் கடதாசியைத் தமிழில் விளங்கப்படுத்தக்கூடியவர், அம்மா அப்பாவுக்குக் கீழ்மாடியில் அறை வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிபவர் எம்மவரே. எத்தனையோ குடும்பங்களை முதல் வீட்டுக்குள் கூட்டிச் சென்றவர்களும் அவர்களே. தமிழ் தெரிந்திருப்பது ஒரு தகுதி. ஆனால் அதை முதல் தகுதியாக எண்ணி அத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

பதிவு உண்டா?

ஒன்ராறியோவில் பதிவு இல்லாமல் ஒருவர் வீடு விற்பனை முகவராகத் தொழில் செய்ய முடியாது. பதிவைக் கவனிப்பது 1997 இல் அமைக்கப்பட்ட ஒன்ராறியோ றியல் எஸ்ரேற் கவுன்சில். 'றெக்கோ' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் இணையத்தளத்தில் முகவரின் பெயரை எழுதித் தேடினால், அவர் இன்று பதிவில் உள்ளாரா, எந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்கிறார், அவருக்கு எதிராக ஒழுக்காற்றுத் தீர்ப்பு ஏதும் வந்துள்ளதா என்று பார்க்கலாம். பணம் செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். உங்கள் பிள்ளையே பார்த்துச் சொல்லும். வர்த்தக அட்டையில் உள்ள படத்தையும் பதக்கத்தையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒரு வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாக முகவர் தொழில் செய்பவர்களும் உண்டு. அது குற்றம் அன்று. ஆனால் நீங்கள் வாங்க விரும்பும் பகுதியில் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை வீடுகள் வாங்கிக் கொடுத்தார், அவை என்ன விலைக்குப் போயின என்று கேளுங்கள். ஸ்காபரோவில் பழகியவருக்கு ஏஜக்ஸ் தெரியாமல் இருக்கலாம். அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் உண்மையான விலைகளை எடுத்துக் காட்டி, "இந்த வீடு இவ்வளவுதான் பெறும்" என்று சொல்லக்கூடியவரே தொழில் தெரிந்தவர்.

கையெழுத்துக்கு முன்

2023 டிசம்பர் 1 இல் ஒன்ராறியோவில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி முகவர் உங்களுக்குச் சேவை செய்யத் தொடங்குமுன் றெக்கோ வெளியிட்ட தகவல் கையேட்டைத் தந்து, அதில் உள்ளதை விளங்கப்படுத்த வேண்டும். "இதெல்லாம் சும்மா போர்மாலிற்றி, இதில கையெழுத்துப் போடுங்கோ" என்று ஒருவர் தொலைபேசித் திரையை நீட்டினால், முதற் கடமையிலேயே அவர் தவறிவிட்டார் என்று கொள்ளலாம்.

அந்த விதிகள் வாங்குபவரை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஒன்று, முகவர் நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்த கட்சிக்காரர். அவருடைய நலனைப் பாதுகாப்பது, அவருடைய இரகசியத்தைக் காப்பது முகவரின் கடமை. மற்றது, தனக்குத் தானே பொறுப்பானவர். அவருக்கு ஆலோசனை சொல்ல யாரும் கடமைப்பட்டவர் அல்லர். விற்பனைக்குத் திறந்து வைத்த வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நுழையும்போது வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் விற்பவரின் முகவர். அவர் தமிழில் "வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாலும் அவர் விற்பவரின் ஆளே. எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு அவசரம் என்பதை அவரிடம் சொல்வது, சீட்டாட்டத்தில் எதிராளிக்குக் கையைத் திறந்து காட்டுவது போன்றது.

வாங்குபவருக்கான ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை நன்றாகப் பாருங்கள். முதலாவது, முடிவுத் திகதி. ஆறு மாதத்துக்குத்தான் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் எனப் பேசலாம். குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு மட்டும் எனவும் எழுதலாம். இரண்டாவது, எந்தப் பகுதிக்கு, எந்த வகை வீட்டுக்கு என்பது. மூன்றாவது, கூலி. நான்காவது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் காலம். அவர் காட்டிய வீட்டை அந்தக் காலத்துக்குள் வேறொருவர் மூலம் வாங்கினாலும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டி வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு முகவர்களிடம் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டு கூலிக்குப் பொறுப்பாகும் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்து வாசிக்கக் கேளுங்கள். நல்ல முகவர் மறுக்கமாட்டார்.

கூலி யார் தருகிறார்?

"வாங்கிற ஆள் ஒரு சதமும் தரத் தேவையில்லை, விற்கிற ஆள்தான் தாறது" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாசகம். அது பெரும்பாலும் சரி, முழுவதும் சரியன்று. கூலிக்குச் சட்டத்தில் நிர்ணயித்த வீதம் எதுவும் இல்லை. எல்லாம் பேச்சுத்தான். ரொறொன்ரோப் பகுதியில் வாங்குபவரின் முகவர் நிறுவனத்துக்கு விற்பவர் 2.5 சதவீதம் ஒதுக்குவது நெடுநாள் வழக்கம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வீட்டு விலை 800,000 டொலர். 2.5 சதவீதம் 20,000 டொலர். அதற்கு 13 சதவீத விற்பனை வரி 2,600. மொத்தம் 22,600. உங்கள் ஒப்பந்தத்தில் 2.5 என்று எழுதியிருக்க, விற்பவர் 2 சதவீதம்தான் தருவதாக இருந்தால், அவர் தருவது வரியோடு 18,080. மிச்சம் 4,520 டொலரை உங்களிடம் கேட்க ஒப்பந்தம் இடம் கொடுக்கலாம். அந்தப் பணத்தை நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். ஆகவே "விற்பவர் குறைவாகத் தந்தால் மிச்சத்தை யார் கட்டுவது?" என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவோ, வீடு மாறும் செலவைத் தருவதாகவோ முகவர் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் 20,000 டொலர் கூடக் கொடுத்து வாங்கினால் முகவர் நிறுவனத்துக்கு 500 டொலர் கூடக் கிடைக்கும். அந்த 500 டொலருக்காக யாரும் உங்களை ஏமாற்றப்போவதில்லை. உண்மையான சிக்கல் வேறிடத்தில். வீடு வாங்கினால் மட்டுமே அவருக்குக் கூலி. வாங்காவிட்டால் ஒன்றும் இல்லை. பத்து வாரம் உங்களோடு அலைந்தவருக்கு, எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று தோன்றுவது மனித இயல்பு. அந்த நெருக்கடியிலும் "இந்த வீடு உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடியவரா என்பதே சோதனை. அவர் மூலம் வீடு வாங்கிய இரண்டு குடும்பங்களோடு பேச அனுமதி கேளுங்கள். அவர்களிடம் "நல்லவரோ?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "எந்த வீட்டையாவது வேண்டாம் என்று சொன்னவரோ? ஏன் சொன்னவர்?" என்று கேளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே ஆள்

சிலவேளை வீட்டை விற்பனைக்குப் போட்டவரும் உங்கள் முகவரும் ஒருவராகவே இருப்பர். ஒரே நிறுவனத்தவராகவும் இருக்கலாம். "இரண்டு பக்கமும் நான்தான், விலையைப் பேசிக் குறைச்சுத் தாறன்" என்று சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்படிச் சம்மதித்த பிறகு அவர் இருவருக்கும் பொதுவாக நடக்க வேண்டும். இந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. விற்பவர் எவ்வளவுக்கு இறங்குவார் என்றும் சொல்ல முடியாது. அதாவது, நீங்கள் ஒரு முகவரை வைத்திருப்பதன் முக்கிய பயனே அங்கு இல்லாமற் போகிறது. கலியாணப் பேச்சில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே ஆள் சீதனம் பேசினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்த வீட்டுக்கு மட்டும் வேறு முகவரைக் கேட்கலாம்.

போட்டி வரும்போது என்ன செய்வார்?

விலையைக் குறைத்துப் போட்டு, ஒரு நாளைக் குறித்து, அன்று எல்லோருடைய ஓஃபரையும் ஒன்றாக வாங்குவது இங்கே வழக்கம். போட்டியில் எத்தனை ஓஃபர் என்பதை விற்பவரின் முகவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் போட்ட விலையை, விற்பவர் விரும்பினால் மட்டுமே 2023 டிசம்பருக்குப் பிறகு வெளியிடலாம். பெரும்பாலும் இருட்டில் எறியும் கல்தான். அந்த இரவு ஒன்பது மணிக்கு "இன்னும் இருபது போடுங்கோ, நிபந்தனையை எடுத்துவிடுங்கோ" என்ற குரல் வரும்.

நிபந்தனை என்பது வங்கி கடன் தந்தால்தான் வாங்குவேன், பரிசோதகர் பார்த்துச் சரி என்றால்தான் வாங்குவேன் என்ற பாதுகாப்பு. அதை எடுத்துவிட்ட பிறகு வங்கி கை விரித்தால் வைப்புப் பணம் போகும். வீடு பின்னர் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் அந்த நட்டத்துக்கும் வழக்கு வரலாம். பழைய வீடு ஒன்றை வாங்கக் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறத் தவணை எதுவும் ஒன்ராறியோவில் இல்லை. கட்டுநரிடமிருந்து நேராக வாங்கும் புதிய கொண்டோவுக்கு 10 நாள் உண்டு. ஆகவே முகவரை முதலில் சந்திக்கும்போதே கேளுங்கள்: "நாங்கள் 800,000 க்கு மேல் போகமாட்டம் என்று சொன்னால், அந்த இரவு நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?" பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

பேஸ்மன்ற் வாடகையை நம்பி வாங்கும் குடும்பங்கள் பல. விற்பனைத் தாளில் சமையலறையோடு பேஸ்மன்ற் என்று பெரிதாகவும், அதன் சட்டபூர்வ நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை என்று சின்ன எழுத்திலும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தை வாசித்துக் காட்டுபவர் உங்கள் ஆள். தீப் பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்ததா, பிறம்ரன் போன்ற நகரங்களில் கேட்கப்படும் பதிவு இருக்கிறதா என்று நகரசபையில் விசாரிக்கச் சொல்பவர் உங்கள் ஆள். "எல்லாரும் வாடகைக்கு விடுகினம்தானே" என்று கடந்து போகிறவர் உங்கள் ஆள் அல்லர்.

வீட்டு விலைக்கு மேலே

முதல் வீட்டைக் காட்டுமுன்பே மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். 800,000 டொலர் வீட்டுக்குக் குறைந்தபட்ச முற்பணம் 55,000: முதல் 500,000 க்கு 5 சதவீதம், மிச்சம் 300,000 க்கு 10 சதவீதம். இருபது சதவீதத்துக்குக் குறைவாக முற்பணம் கட்டினால் கடன் காப்புறுதிக் கட்டணமும் உண்டு. அதன்மேல் 8 சதவீத மாகாண வரியை உறுதி முடிக்கும் நாளில் கையில் கட்ட வேண்டும்.

பிறகு காணி உரிமை மாற்று வரி. 800,000 க்கு மாகாண வரி 12,475 டொலர். வீடு ரொறொன்ரோ நகர எல்லைக்குள் என்றால் நகரத்துக்கு இன்னொரு 12,475. முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழிக்கும். கழித்த பிறகு ஸ்காபரோவில் 16,475. ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கம் பக்கம் போனால் 8,475. ஒரு வீதியைக் கடப்பதில் 8,000 டொலர் வித்தியாசம். இதைத் தானாகச் சொல்லாத முகவர் எதற்கு?

இந்தச் சலுகையில் எம்மவர் அறியவேண்டிய ஒரு முள் உண்டு. முதல் வீடு என்றால் கனடாவில் முதல் வீடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது உலகில் எங்கேயும் என்பதை. ஊரில் அம்மா சீதனமாக எழுதிய வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், முதுசமாக ஒரு பங்கு வந்திருந்தாலும் சலுகை இல்லாமற் போகலாம். துணைவருக்குத் திருமணத்தின் பின் வீடு இருந்தாலும் அப்படியே. மேலும், சலுகை பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் உரியது. உறுதி பதிந்து 18 மாதத்துக்குள் வதிவுரிமை கிடைத்தால் பிறகு கேட்டுப் பெறலாம்.

இதைவிடப் பெரிய முள் வேறொன்று. வெளிநாட்டவர் வீடு வாங்கினால் ஒன்ராறியோ 2022 ஒக்ரோபர் 25 முதல் 25 சதவீத வரி விதிக்கிறது. ரொறொன்ரோ நகரம் 2025 ஜனவரி 1 முதல் மேலும் 10 சதவீதம் விதிக்கிறது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர், வதிவுரிமை உள்ளவர், பிரஜை ஆகியோர் இதற்கு விலக்கு. ஆனால் வழக்கு இன்னும் முடியாத தம்பியும் பணம் போட்டார் என்று அவருடைய பெயரையும் உறுதியில் சேர்த்தால், வரி அவருடைய பங்குக்கு மட்டும் அன்று, முழு விலைக்கும் வந்துவிடும். 800,000 க்கு 25 சதவீதம் 200,000 டொலர். பின்னர் அவருக்கு வதிவுரிமை கிடைத்தால் திருப்பிக் கேட்க வழி உண்டு என்றாலும், முதலில் கட்டவே அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? "உறுதியில் யார் யார் பெயர்? ஒவ்வொருவருடைய குடிவரவு நிலை என்ன?" என்று முதற் சந்திப்பில் கேட்கும் முகவர் பொன் போன்றவர். இறுதி வார்த்தை சட்டத்தரணியுடையது. ஓஃபர் போடுமுன் அவரிடம் கேட்க வேண்டும் என்று அனுப்பி வைப்பது முகவரின் பொறுப்பு.

பணம் யார் கைக்கு?

ஓஃபர் ஏற்கப்பட்டதும் வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் வைப்புப் பணம் கட்டவேண்டும். விலையில் 5 சதவீதம் அளவில் இருக்கும். அது பெரும்பாலும் விற்பவருடைய முகவர் நிறுவனத்தின் நம்பிக்கைப் பொறுப்புக் கணக்குக்கே போகும். வங்கி வரைவோலையில் அந்தக் கணக்கின் பெயரைத் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. முகவரின் சொந்தப் பெயருக்கும் வேண்டாம், காசாகவும் வேண்டாம். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். 2025 இல் ஒன்ராறியோவின் பெரிய நிறுவனம் ஒன்றிலேயே நம்பிக்கைக் கணக்கில் இருக்கவேண்டிய பணம் குறைந்திருந்தது தெரியவந்து, அந்த நிறுவனம் மூடப்பட்டது. றெக்கோவின் காப்புறுதித் திட்டம் வைப்புப் பணத்துக்கு ஒரு எல்லை வரை உண்டு. முறைப்படி கணக்கில் போட்டதற்கு ஆதாரம் இருந்தால்தான் அதைக் கேட்டு நிற்க முடியும்.

முகவரே கடன் முகவரையும், பரிசோதகரையும், சட்டத்தரணியையும் ஒழுங்கு செய்து தருவது வசதிதான். அவர்களிடமிருந்து அவருக்கு ஏதாவது கிடைக்கிறது என்றால் அதை உங்களுக்கு அறிவிக்கும் கடமை அவருக்கு உண்டு. கேளுங்கள். குறைந்தபட்சம் சட்டத்தரணியையும் பரிசோதகரையும் நீங்களே தெரிவுசெய்யுங்கள். எல்லோரும் ஒருவருக்கே கடமைப்பட்டவர்களாக இருந்தால், தவறு நடக்கும்போது உங்களுக்காகப் பேச யாரும் மிஞ்சமாட்டார்கள்.

பொய்க் கடிதம் வேண்டாம்

"சம்பளம் காணாது, பரவாயில்லை, ஒரு வேலைக் கடிதம் எடுத்துத் தாறன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக்குப் பொய்யான வருமானம் காட்டுவது மோசடி. 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்குக் குற்றவியல் சட்டத்தில் உச்சத் தண்டனை 14 வருடச் சிறை. பிரஜாவுரிமை கிடைக்காத ஒருவர் அப்படிக் குற்றவாளியாகக் காணப்பட்டால் அவருடைய வதிவுரிமையே கேள்விக்கு உள்ளாகும். கடிதம் செய்து தந்தவர் கூலியோடு போய்விடுவார். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. எதற்காக இந்த நாட்டுக்கு வந்தோமோ அதையே ஒரு வீட்டுக்காகப் பணயம் வைக்கலாமா?

உறவினருக்காகப் பெயர் கொடுப்பதும் சின்ன விடயம் அன்று. "உங்கட பெயரில எடுப்பம், நான் கட்டுறன்" என்று மச்சான் கேட்கும்போது மறுப்பது கடினம். ஆனால் அந்தக் கடனுக்கு வங்கி உங்களைத்தான் தேடும். நாளை உங்களுக்கு வீடு வாங்கும்போது முதல் வீட்டுச் சலுகையும் போயிருக்கும்.

"அண்ணை, மூன்று பேரைப் பார்க்கிறம்"

எம்மவருக்கு மிகக் கடினமான வேலை, தெரிந்த முகவரிடம் இல்லை என்று சொல்வதுதான். விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனவர், முதல் வேலைக்குச் சொல்லிவிட்டவர் இன்று முகவராக இருப்பார். அவரைத் தாண்டிப் போனால் நன்றி கெட்டவர்கள் என்று பேச்சு வரும் என்ற பயம் இருக்கும். அந்த நன்றிக்கடன் உண்மையானது. அதை வாழ்நாள் முழுவதும் நல்ல உறவாகத் திருப்பிக் கொடுக்கலாம். முப்பது வருடக் கடனால் அதைத் தீர்க்க வேண்டியதில்லை.

சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. "அண்ணை, குடும்பத்தில எல்லாருமாக யோசிச்சு மூன்று பேரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறம். உங்களையும் பார்க்கிறம். எல்லாரிட்டையும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறம்." இதில் அவமரியாதை எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவர் சந்தோசப்படுவார். அவருடைய பதில்கள்தான் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கும். கோபிப்பவர், உங்களிடம் உறவை எதிர்பார்க்கவில்லை, கையெழுத்தைத்தான் எதிர்பார்த்தார் என்று விளங்கிக்கொள்ளலாம்.

சந்திப்புக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். கடன் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திடப் போகிறீர்கள். கேள்வி கேட்கும் உரிமையும் இருவருக்கும் சமம். கீழே உள்ளதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்:

1. உங்கள் பதிவு யாருடைய நிறுவனத்தின் கீழ்? கடந்த வருடம் இந்தப் பகுதியில் எத்தனை குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள்?

2. ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடியும்? அதன் பிறகும் கூலி கேட்கும் காலம் எவ்வளவு?

3. விற்பவர் குறைவாகத் தந்தால் மிச்சக் கூலி யாருடையது?

4. விற்பவரும் உங்கள் கட்சிக்காரராக இருந்தால் எங்களுக்கு என்ன செய்வீர்கள்?

5. விலைக்கு மேல் எங்கள் செலவு மொத்தம் எவ்வளவு? எழுதித் தருவீர்களா?

6. யாருக்காவது ஒரு வீட்டை வேண்டாம் என்று சொன்னீர்களா? ஏன்?

ஆறுக்கும் நேரான பதில் தருபவர் எந்த ஊரவராக இருந்தாலும் அவரோடு வீடு பார்க்கப் போகலாம். அடுத்த இதழில், உறுதி முடிக்கும் சட்டத்தரணியிடம் என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம். அதுவரை, வாசிக்காத கடதாசியில் கையெழுத்து வேண்டாம்.